கிச்சிலி மலர்நீர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. நான் அடுக்களையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன். வாயிலில் நம்மைப் பன்னீர் தெளித்து வரவேற்றார்கள் அல்லவா? அந்தப் பன்னீர்ச் செம்பிலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிச்சிலி மரம் ஒன்று நிற்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மைசூருக்குக் குடிவந்தபோது என் அன்னையார் நட்ட மரம் அது. காயை ஊறுகாய் போடுவோம். பூவைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுவோம். சென்ற ஆண்டு, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மரத்தை வெட்டுவதாக முடிவு செய்தேன். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தார். விடியலில் அது நிறைய வெண்மலர்கள் உதிர்ந்து கிடந்தன. “வெட்டுவதற்கு முன் இதை ஒரு முறை வடித்துப் பார்த்துவிடு” என்றார்.

வடித்தல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் வாலையிலிட்டு வடிக்கும் நீரைத் ‘தீநீர்’ என்பர். பிள்ளையின் வயிற்று வலிக்கு நாம் கொடுக்கும் ஓமத் தீநீர் அவ்வகையதே. முதல் உலகப் போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, 1916-17-இல் இம்மைசூரில் எழுந்த சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையும் நீராவியின் துணைகொண்டு மணத்தைப் பிரித்ததே. அதே வேலையை நம் அடுப்பங்கரையில் சிறிய அளவில் செய்யலாம்.

அகன்ற பாத்திரத்தின் நடுவே தூய கருங்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் வெறுங்கிண்ணம் ஒன்றை அமர்த்துங்கள். சுற்றிலும் 200 கிராம் மலரும் 1 லிட்டர் நீரும் இடுங்கள். நீர் கிண்ணத்தின் விளிம்பைத் தொடலாகாது. குமிழுள்ள மூடியைக் கவிழ்த்து மூடி, அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். இளந்தீயில் எழும் ஆவி மூடியில் குளிர்ந்து, குமிழ் வழியே கிண்ணத்தில் சொட்டும். கால் லிட்டர் சேர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மேலும் வடித்தால் மணம் நீர்த்துப்போகும். அடியில் நீர் வற்றினால் கருகல் நாற்றம் ஏறிவிடும். மூடியை மாவிட்டு இறுக்குதல் கூடாது. கொதிநீரில் கழுவி உலர்த்திய புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்துங்கள். மருந்து தெளித்த மரத்தின் மலரை மட்டும் தொடவே வேண்டா.

“புகழ்பெற்ற மைசூர் மல்லிகை இருக்க, கிச்சிலி எதற்கு?” என்று கேட்பீர்கள். மல்லிகையின் மென்மணம் கொதிநீரைத் தாங்குவதில்லை. கிச்சிலியின் மணம் தாங்கும். நாரத்தை, எலுமிச்சை மலர்களிலும் வடிக்கலாம். மணம் சற்று வேறுபடும். பூவை எடுத்தால் காய் குறையுமோ என்ற அச்சமும் வேண்டா. இவ்வினத்து மரங்களில் பூப்பனவற்றுள் மிகப் பெரும்பகுதி காயாகாமலே உதிர்ந்துவிடும். உதிர்ந்ததையே நாம் எடுக்கிறோம்.

இம்மரம் நம் நாட்டிலிருந்து அராபியர் வழியே மத்தியதரைக் கடற்கரை சென்றது. பெயரும் உடன் சென்றது. பாரசீகத்தில் நாரங்கு, அரபியில் நாரஞ்சு, ஸ்பானிய மொழியில் நாரஞ்ச என வழங்கும் சொற்களின் வேர் நாரத்தையை ஒத்த தென்னாட்டுச் சொல்லே என அறிஞர் பலர் கருதுவர். சென்ற இடத்தில் அதன் பூவுக்குப் பெருமதிப்பு. துனீசியாவின் நாபல் நகரில் இளவேனில் தோறும் வீடுகளிலேயே மலர்நீர் வடிக்கின்றனர். லெபனான் மக்கள் வெந்நீரில் சில துளி விட்டு ‘வெள்ளைக் காப்பி’ என்று பருகுகின்றனர். காப்பிக்கொட்டை அதில் இல்லை! மைசூர்க் காப்பி பருகும் நாம் அதை ஏற்போமா என்பது வேறு செய்தி. ஆயினும் கேசரி, பாயசம், பாதாம்பால் ஆகியவற்றை இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி விட்டுப் பாருங்கள். கடைப் பன்னீரில் செயற்கை மணம் கலந்தது உண்டு; தெளிப்பதற்கென விற்பதை உணவில் சேர்க்கலாகாது.

அன்று வடித்த முதல் புட்டியில் பாதியை அன்னையார் எதிர்வீட்டுக் கன்னட அம்மையாரிடம் கொடுத்தார். அவ்வம்மையார் முகர்ந்து பார்த்து, “கித்தளெ ஹூ!” என்றார். கிச்சிலியும் கித்தளெயும் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன! இத்தனை ஆண்டு எதிரெதிரே வாழ்ந்தும், இரு வீட்டுக்கும் ஒரு சொல் இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

மரம் இன்றும் நிற்கிறது. வண்டி தெருவில் நிற்கிறது. அன்னையாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பூத்திருக்கிறதா என்று எங்களைக் கேட்பதில்லை. சாளரத்தருகே அமர்ந்து தாமே அறிந்துகொள்கிறார்.

உங்கள் கொல்லையிலும் இத்தகைய மரம் இருக்கலாம். வெட்டுமுன் ஓரிரவு அதன் கீழ் வேட்டி விரித்துப் பாருங்கள் என வேண்டி அமைகிறேன்.