கருவி சொல்லும் எண்ணும் செவிலியர் கல்வியும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தங்கவயல் மக்களாகிய நமக்கு மூச்சின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாறையைத் துளைக்கையில் எழுந்த நுண்தூசி தொழிலாளரின் நுரையீரலிற் படிந்து சிலிகோசிஸ் நோயை விளைத்ததை 1940களிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்து பதிவு செய்தனர். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அத்தூசியைச் சுமந்த முதியோர் பலரை நம் இல்லங்கள் பேணி வந்துள்ளன.

முற்காலச் செவிலியர் மூச்சை எண்ணியும், உதடும் நகமும் நீலம் பாய்வதைக் கண்டும் நோயின் நிலையை உணர்ந்தனர். மூத்தவரிடமிருந்து இளையவர் பல்லாண்டுப் பழக்கத்தாற் பெற்ற அறிவு அது. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடிகோலினார். விரலினூடே ஒளியைச் செலுத்திக் குருதியின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கும் அக்கருவி, கொரோனாக் காலத்தில் லைன் வீடுகளுக்குள்ளும் வந்தது. மருத்துவமனைக்கே உரியதாயிருந்த அறிவு குடும்பத்தார் கையிற் சேர்ந்தது. இது பெரும்பேறே.

ஆயினும் அவ்வெண் ஒன்றையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. விரல் குளிர்ந்திருந்தாலும், கை நடுங்கினாலும், நகத்திற் சாயம் இருந்தாலும் கணக்குப் பிழைபடலாம். கருவியின் கண்ணுக்குத் தப்பிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மும்மடங்கு என 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. கருநிற மேனியரான நாம் இச்செய்தியைப் புறந்தள்ளலாமோ?

திரை 96 என்று காட்டுகிறது. முதியவரோ, "மூச்சு முட்டுதம்மா" என்கிறார். அப்போது கருவியையும் சோதித்து, அவர் முகத்தையும் நோக்கி, மருத்துவரை உடனே அழைப்பவளே செவிலி. எண்ணைப் படிக்க ஒரு நாளிற் கற்பிக்கலாம். அதனை ஐயுற்று ஆராயக் கற்பிப்பதே கல்வி.

நம் பெண்மக்கள் பாடத்தை ஆங்கிலத்திற் பயில்கின்றனர். கைப்பேசியிற் காணொளியும் காண்கின்றனர். பயிலட்டும், காணட்டும். ஆனால் இரைக்கிறது, இளைக்கிறது, அடைக்கிறது, முட்டுகிறது என்று நம் முதியோர் வேறுபடுத்திச் சொல்லும் சொற்களின் பொருளை அவர்கள் எங்கே கற்பர்? ஓய்வுபெற்ற செவிலியர் நம்மிடையே உள்ளபோதே, அவர்தம் அனுபவத்தை அவர்கள் குரலிலேயே தமிழிற் பதிந்து, கைப்பேசி வழியே மாணவியர்க்கு வழங்குவோம். புதிய கருவியைக் கொண்டே பழைய அறிவைக் காக்கும் இப்பணியைச் சங்கம் இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!