ஐன்ஸ்டைன் சொன்னது என்ன?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஐன்ஸ்டைனுடைய சார்புக் கொள்கை. நமக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு சங்கதிக்கு ஆதாரம் எங்கே என்று நாம் கேட்டால், படித்தவர்களிலேயே சிலர், "எல்லாம் சார்பு என்று ஐன்ஸ்டைனே சொல்லிவிட்டாரே! உனக்கு உன் உண்மை, எனக்கு என் உண்மை" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுகிறார்கள். அவர் அப்படிச் சொன்னாரா என்று பார்க்க வேண்டாமா?

காலம் என்பது எதையும் சாராமல், எங்கும் ஒரே சீராக ஓடுகிறது என்று நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். நம் அநுபவமும் அதுதான். நியூட்டன் சாமானியமானவர் அல்லர். ஆனாலும் அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக விஞ்ஞானிகள் சோதிப்பதை நிறுத்திவிடவில்லை.

பூமி வினாடிக்குச் சுமார் 18½ மைல் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. ஆகவே பூமி போகும் திக்கில் செல்லும் ஒளிக்கும், குறுக்கே செல்லும் ஒளிக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று கருதி, 1887-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் மைக்கல்சன், மார்லி என்ற இருவர் பரீட்சை செய்தார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் அகப்படவே இல்லை. பின்னால் மேலும் நுட்பமான கருவிகளைக் கொண்டு பார்த்தபோதும் அகப்படவில்லை.

1905-ல், ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் நகரத்துக் காப்புரிமைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த 26 வயது வாலிபரான ஐன்ஸ்டைன் இரண்டே விதிகளைச் சொன்னார். ஒன்று, ஒரே சீரான வேகத்தில் நேராகப் போகிறவர் எல்லோருக்கும் இயற்கையின் சட்டம் ஒன்றே. இரண்டு, ஒளியின் வேகம் அவர்கள் அனைவருக்கும் ஒன்றே. அதாவது வினாடிக்குச் சுமார் 1,86,000 மைல். ஓடும் வண்டியிலிருந்து முன்பக்கம் கல்லை வீசினால் வண்டியின் வேகமும் கல்லோடு சேரும். ஒளிக்கு அப்படிச் சேராது.

இதிலிருந்து என்ன ஏற்படுகிறது? ஓடும் ரயிலின் தரையிலிருந்து கூரைக்கு ஒரு ஒளிக்கீற்று போகிறதென்று வைத்துக் கொள்ளுங்கள். வண்டிக்குள் இருப்பவனுக்கு அது நேரே மேலே போகிறது. நிலையத்தில் நிற்பவன் பார்த்தால், ஒளி மேலே போவதற்குள் வண்டி முன்னே நகர்ந்துவிடுவதால், அது சாய்வாகப் போகிறது. சாய்ந்த வழி நீளம் அதிகம்; ஒளியின் வேகமோ இருவருக்கும் ஒன்று. ஆகவே நிற்பவனுடைய கணக்கில் நேரமும் அதிகமாகத்தான் வேண்டும். அதாவது, ஓடுகிற கடிகாரம் மெதுவாக நடக்கிறது!

"அப்படியானால் ரயிலில் போகும்போது எனக்குத் தெரியவில்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஒரு வருஷம் முழுவதும் ஓடினாலும், குறைவது ஒரு வினாடியைக் கோடி பங்கு செய்ததில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஒளியின் வேகத்தில் 100-க்கு 87 பங்கு வேகத்தில் போனால் கடிகாரம் ஏறக்குறைய பாதியாக நடக்கும்.

இதற்கு ருஜு உண்டா? உண்டு. ஆகாயத்தில் ஒன்பது பத்து மைல் உயரத்தில் மியூவான் என்ற நுண்துகள்கள் உண்டாகின்றன. அவற்றின் சராசரி ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே அரை மைல் போக முடியாது. ஆயினும் ஏராளமான மியூவான்கள் தரைக்கு வந்து சேருகின்றன. வேகமாகப் போகும் துகளின் ஆயுள் நீளுவதை ராசி, ஹால் என்பவர்கள் 1941-ல் அளந்து காட்டினார்கள்.

இன்று கைத்தொலைபேசியில் வழி பார்க்கிறோமே, அதற்கு உதவும் செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் வேகத்தினால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி பிந்துகின்றன; உயரத்தில் பூமியின் ஈர்ப்புக் குறைவதால் 45 மைக்ரோ வினாடி முந்துகின்றன. மிச்சம் 38. அதற்குள் ஒளி 7 மைல் ஓடிவிடும். ஆகவே இதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நாம் முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். நம் கணக்குப்படி மியூவானுடைய ஆயுள் நீளுகிறது. மியூவானோடு கூடவே ஒருவன் வருவதாக வைத்துக்கொண்டால், அவன் கணக்கில் ஆயுள் நீளவில்லை. ஆகாயத்தின் தூரம்தான் சுருங்கிவிடுகிறது. அளவுகள் வேறு. ஆனால் துகள் தரைக்கு வந்ததா, இல்லையா என்பதில் இருவருக்கும் பேதமே கிடையாது. ஒருவன் அளவிலிருந்து மற்றவன் அளவைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். தன் இஷ்டப்படி ஒன்றைச் சொல்ல எவனுக்கும் இதில் இடமில்லை.

ஆகவே தோழர்களே! சார்பு என்பது அளவைப் பற்றியதே தவிர, அவரவர் அபிப்பிராயத்தைப் பற்றியதல்ல. மாறாத இரண்டு விதிகளின் மேல் கட்டிய கொள்கை இது. நியூட்டன் சொன்னதை மாற்றியது ஐன்ஸ்டைன் என்ற பெயரல்ல, பரீட்சையே யாகும். அவர் கணக்கும் நாளைக்குப் பரீட்சையில் தவறினால் அதையும் மாற்றத்தான் வேண்டும். எனவே "எல்லாம் சார்பு" என்று யாராவது உங்களிடம் சொன்னால், "எதற்கு எது சார்பு? எவ்வளவு? அளந்தவர் யார்?" என்று கேளுங்கள். ஐன்ஸ்டைன் பெயரைச் சொல்லுகிறவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று கூறி முடித்துக் கொள்ளுகிறேன்.