பஞ்சு சொல்லும் கதை
(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நவீன நாகரிகம் எங்கே பிறந்தது என்று கேட்டால், படித்தவர்கள் லண்டன் என்பார்கள், பாரிஸ் என்பார்கள். நாம் பஞ்சு மூட்டையிலிருந்து தொடங்குவோம். அது நமக்குத் தெரிந்த சரக்கு.

1764-ஐ ஒட்டி, இங்கிலாந்தின் லங்காஷயரில் ஹார்கிரீவ்ஸ் என்ற நெசவாளி ஒரே சக்கரத்தைக் கொண்டு எட்டுக் கதிர்களைச் சுழல வைத்தார். கையால் நூற்றுப் பிழைத்தவர்கள் திரண்டு வந்து அவருடைய யந்திரங்களை உடைத்தார்கள். அவர்களை மூடர்கள் என்று நாம் சிரிக்க மாட்டோம். வயிற்றில் அடி விழும்போது மனிதன் கைக்கு எட்டியதைத்தானே உடைப்பான்! 1771-ல் ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் தண்ணீர் வேகத்தால் ஓடும் நூற்பு மில்லைக் கட்டினார். அங்கே குழந்தைகளும் வேலை செய்தார்கள். இரவு ஷிப்டும் உண்டு. பிறகு நீராவி வந்தது. பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் 1847-ல்தான் கிடைத்தது. அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு.

சரி, இந்த மில்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாகாணங்களிலிருந்து. 1793-ல் விட்னி அங்கே கொட்டை பிரிக்கும் யந்திரம் செய்தார். யந்திரம் வந்தால் பாடு குறைய வேண்டுமல்லவா? குறையவில்லை. பஞ்சில் லாபம் ஏற ஏற, அடிமைகளின் தொகையும் ஏறிற்று. 1790-ல் சுமார் 7 லட்சம்; 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம். லங்காஷயரில் புது யந்திரம், அங்கே சவுக்கடி. இரண்டும் ஒரே நாகரிகம்தான்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதிக் கப்பற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் மில்கள் மூடின. லட்சக்கணக்கானோர் தர்மக் கஞ்சிக்குக் கையேந்தினார்கள். நம் நாட்டுச் சூரத் பஞ்சு அங்கே போயிற்று. குட்டை இழை, நூல் அறுந்து அறுந்து விழும். அது என்ன பாடு என்று இங்கே உட்கார்ந்திருக்கும் நூற்புத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

முற்றுகையை உடைத்துப் பஞ்சைக் கொண்டுவா என்று முதலாளிகளில் பலர் கூச்சலிட்டார்கள். பசிக் கொடுமையில் தொழிலாளரிலும் சிலர் அப்படி நினைத்தார்கள், அதை மறைப்பானேன்? ஆனால் 1862 டிசம்பர் 31-ந் தேதி மாஞ்செஸ்டர் ஃப்ரீ டிரேடு மண்டபத்தில் தொழிலாளர்கள் கூடினார்கள். அடிமை முறை அடியோடு ஒழிய வேண்டும் என்று ஜனாதிபதி லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். வேலை இல்லை, அடுப்பில் நெருப்பில்லை. அந்த நிலையில் எழுதிய கடிதம் அது! பருத்திக் காட்டில் குனிந்து நின்றவனை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. அவன் பறித்த பஞ்சை மட்டும் தொட்டிருந்தார்கள்.

1863 ஜனவரி 19-ந் தேதி லிங்கன் பதில் எழுதினார். அவர்கள் படும் துன்பம் தமக்குத் தெரியும் என்றும், இதை விஞ்சிய வீரம் எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் இல்லை என்றும் அதில் பாராட்டியிருந்தார். மாஞ்செஸ்டரில் அவருக்குச் சிலை இருக்கிறது. பீடத்தில் அந்தக் கடிதத்தின் வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது.