முதல் மனை வாங்கும் முன்

(பெரம்பலூரில் நடந்த இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனையில் முதலீடு செய்வது பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டதும் ஒரு தோழர், “நிலமில்லாதவர்கள் மேடையில் ரியல் எஸ்டேட் வகுப்பா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளக்காரர்கள். சம்பளம் வந்த மூன்றாம் மாதமே கையில் நோட்டீஸோடு ஒருவர் வந்து நிற்கிறார். வேனில் ஏற்றிப் போய், பிரியாணி போட்டு, கொடி கட்டிய காட்டில் மஞ்சள் கல்லைக் காட்டுகிறார். நாம் பேசாவிட்டால் அவர் மட்டும்தான் பேசுவார்.

அவர் பேசுவதில் முதல் வரி, “கம்பெனி வருது.” நம் மாவட்டத்தை வைத்தே பார்ப்போம். எறையூர், திருமாந்துறைப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் வாங்கப்பட்டு, வருடக்கணக்கில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. எறையூரில் சிப்காட் பூங்கா திறந்து காலணித் தொழிலுக்கு அடிக்கல் நாட்டியது 2022 நவம்பரில். அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் காலணி ஆலைக்கு அடிக்கல் விழுந்தது 2024 நவம்பரில். 2008-ல் அந்த ஒரு வரியை நம்பிக் கடன் வாங்கி மனை போட்டவர் எத்தனை வருடம் வட்டி கட்டியிருப்பார்?

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஆறு லட்ச ரூபாய் மனை. கையில் மூன்று லட்சம், மீதி மூன்று லட்சம் இரண்டு வட்டிக்கு. வருடத்துக்கு 72,000 ரூபாய் வட்டி. அதாவது மனை விலை வருடம் 12 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்க முடியும். வெறும் மனைக்கு வாடகையும் வராது. இதோடு பத்திரச் செலவு: முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 54,000. பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அம்மா பெயரிலோ அக்கா பெயரிலோ வாங்க இன்னும் நல்ல காரணங்கள் உண்டு. இந்த ஆறாயிரமும் அதில் சேரட்டும்.

மாதத் தவணை கட்டினால் மனை தருகிறோம் என்பவர்களிடம் போகவே போகாதீர்கள். பிஏசிஎல் நிறுவனம் நிலத்தின் பெயரைச் சொல்லி நாடு முழுக்க வசூலித்தது சுமார் 49,100 கோடி ரூபாய். அதைத் திருப்பித் தரச் சொல்லி 2014-ல் செபி உத்தரவு போட்டது. பணத்தை மீட்க உச்ச நீதிமன்றம் லோதா குழுவை அமைக்க வேண்டி வந்தது. அதில் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் சின்ன வருமானக்காரர்கள்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. நமக்கு மட்டுமே ஆன சங்கதிக்கு வருகிறேன்.

என் அக்கா செவிலியர். சில வருடங்களுக்கு முன்பு ஒரு மனைப்பிரிவில் கிழக்குப் பார்த்த மனையைப் பிடித்துப்போய் ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார். பத்திரத்துக்கு ஆதார் நகல் கேட்டார்கள், கொடுத்தார். முகவரியில் ‘காலனித் தெரு’ என்று இருந்தது. இரண்டாம் நாள் போன் வந்தது. “அந்த மனை ஏற்கெனவே புக் ஆயிருச்சும்மா, வேற மனையும் இல்ல, அட்வான்ஸ வந்து வாங்கிக்கங்க.” அடுத்த வாரம் அதே மனைப்பிரிவின் நோட்டீஸ் எங்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒட்டியிருந்தது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் விற்பவர் அடுத்த கேள்வியாக ஊர்ப் பெயரைக் கேட்பார், பிறகு தெருவைக் கேட்பார், பிறகு எந்தக் கோயில் என்று கேட்பார். 1917-ல் பரோடாவில் அரசு வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார். பின்னாளில் அதே மனிதர் பம்பாய் தாதரில், இந்து காலனி என்று பெயர் கொண்ட பகுதியிலேயே ராஜகிருகத்தைக் கட்டினார். அதை வெறும் சொத்து வாங்கல் என்று நான் வாசிப்பதில்லை.

முதலீட்டுப் புத்தகங்கள் “இடம் பார்த்து வாங்கு” என்கின்றன. நம் ஊரில் இடம் என்றால் சாதி. ஊர்த்தெரு ஓரத்து சென்ட் ஒரு விலை, சேரி ஓரத்து சென்ட் இன்னொரு விலை. சேரிக்குள் இருக்கும் வீட்டை வாங்க வெளியாள் வரமாட்டார். அதனால் நாம் எவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் விலை ஏறாது. 2019 ஏப்ரல் 18, தேர்தல் நாளன்று அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து வீடுகளை உடைத்தார்களே, தனித்தனியாக வீடு தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஆகவே பலர் கலந்து வாழும் இடத்தில் ஒரு மனை என்பது நமக்கு லாபத்துக்கு முன்னால் வேறு ஒன்று. குடியேறுவதற்காக வாங்குங்கள், இரண்டு வருடத்தில் விற்பதற்காக வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? நம் தெருக்களில் பலவும் ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்துக் கொடுத்த மனைகள். 1978-ல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பாட்டி பெயரில் ஒரு பழைய தாள், கணினியில் பதிவு இல்லை, நான்கு பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்கவில்லை. இதனால் வங்கிக் கடனும் கிடைக்காது, கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டத்தில் விண்ணப்பிக்கவும் சிக்கல். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றுவதுதான் உங்கள் முதல் முதலீடு. ஆறு லட்சம் தேவையில்லை, நாலு நடை தேவை. கொஞ்சம் எரிச்சலும் வரும்.

புது மனை என்றால் பார்க்க வேண்டியவை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம், ஊராட்சித் தலைவர் அல்ல. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு எத்தனை குடும்பங்கள் பதிவு அலுவலகத்தில் அழுதன என்று நமக்குத் தெரியும். 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான் 2017 விதிகளில் வரன்முறை வாய்ப்பு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா எண் கேளுங்கள். பவர் பத்திரத்தை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பணம் 20,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, வங்கி வழியாகத்தான். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்காவது போடுங்கள்.

ஆனால் வில்லங்கச் சான்று காட்டாத ஒரு வில்லங்கம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-ல் அனுப்பிய அறிக்கையின் மேல் 1892-ல் வெள்ளை அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. முதல் பத்து வருடம் விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது என்பது நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. காரணையில் அதை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் புதுப் பதிவேடு எழுதியபோது பல இடங்களில் ‘டி.சி.’ என்ற குறிப்பு விடுபட்டுப்போனது. இன்று கணினியில் அது சாதாரணப் பட்டா நிலம். அதில் கல் நட்டு விற்கிறார்கள். வாங்குபவர் நம்மவராகவே இருந்தாலும், நடுவில் நடந்த விற்பனை செல்லாது என்றால் உங்கள் பணம் தொங்கும். அதைவிட, இன்னொரு சேரிக்காரரின் தாத்தாவிடம் பிடுங்கியதற்கு நாம் விலை கொடுத்திருப்போம்.

ஆகவே இப்போதைய ‘அ’ பதிவேட்டோடு நிறுத்தாமல், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். உடையார்பாளையம் ஜமீன் இருந்த ஊர்களில் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும். கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போடுங்கள்.

அக்கா பிறகு வேறொரு மனைப்பிரிவில் வாங்கினார். பதிவேடு பார்த்து, வங்கிக் கடனில், தன் பெயரிலேயே. வீடு இன்னும் கட்டவில்லை, கம்பி வேலி மட்டும் போட்டிருக்கிறார். பக்கத்து மனைக்காரர் வந்து, “எந்த ஊரும்மா நீங்க?” என்று கேட்டாராம். அக்கா ஊரையும் சொல்லி, தெருவையும் சொல்லிவிட்டு வேலிக்குத் தண்ணீர் ஊற்றிய வேப்பங்கன்றைக் காட்டியிருக்கிறார்.

வெளியே மேசையில் மனு மாதிரி வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இப்போது கல் நட்டிருக்கும் மனைப்பிரிவு எதுவோ அதன் சர்வே எண்ணை அதில் நிரப்புங்கள். பதில் வந்ததும் எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள்.