பெட்டியில் அச்சிட்ட எண்ணும் திரையில் தெரியும் படமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்யாண வீட்டில் பல குறைகளைச் சரிசெய்துவிடலாம். சாம்பாரில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். வாடிய மாலையை மாற்றலாம். தாலி கட்டும் நேரத்தை மட்டும் திரும்ப நடத்த முடியாது. கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது, நாலு பக்கமிருந்தும் ஃபிளாஷ் மின்னுகிறது. அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் வீடியோக்காரரை அழைக்கிறார்கள். அது மங்கலாக வந்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் சேமிப்பைப் போட்டோ, கடன் வாங்கியோ கேமரா வாங்குகிறார்கள். கடையில் அவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிக்சல்?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதில் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள 2005ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த நான்கு கேமராக்களைப் பார்த்தாலே போதும்.

நான்கு கேமரா, நான்கு வழி

உயர்துல்லியப் படம், அதாவது எச்.டி. என்பது ஒரு காலத்தில் பெரிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான ஒன்றாக இருந்தது. 2003இல் 'எச்.டி.வி.' எனும் பதிவு முறை அறிவிக்கப்பட்டது. சாதாரண மினி டிவி கேசட்டிலேயே எச்.டி. படத்தைப் பதிவு செய்ய அது வழிவிட்டது. 2005இல் இந்த முறையில் சோனி இசட்1, ஜேவிசி எச்டி100, கேனன் எக்ஸ்எல் எச்1 ஆகியவை வந்தன. அதே ஆண்டின் கடைசியில், வேறொரு பதிவு முறையுடன் பானசோனிக் எச்விஎக்ஸ்200 வந்தது. அமெரிக்க விலையில் பானசோனிக் சுமார் 6,000 டாலர், கேனன் சுமார் 9,000 டாலர். நிலையங்கள் வாங்கும் கேமராக்களோடு ஒப்பிட்டால் இது மலிவுதான்.

நான்கிலும் ஒளியை வாங்கும் சில்லுகள் மூன்று. ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு எனும் அளவு வகையைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றிலுள்ள படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள், ஒரே எண்ணிக்கையில் இல்லை. கேனனில் 1440க்கு 1080. சோனியில் 960க்கு 1080. ஜேவிசியில் 1280க்கு 720. பானசோனிக்கில் 960க்கு 540 மட்டுமே. முழு எச்.டி. படத்தில் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள் உண்டு. பானசோனிக் சில்லு ஒவ்வொன்றிலும் இருந்தது அதில் கால் பங்குதான். பச்சை நிறத்துக்கான சில்லை மற்ற இரண்டிலிருந்து அரைப் புள்ளி தள்ளிப் பொருத்தி, மூன்றின் தகவலையும் சேர்த்து, அந்தக் கேமரா பெரிய படத்தை உருவாக்கியது. ஆக, '1080' என்று சொல்லி விற்கப்பட்ட மூன்று கேமராக்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

சோதனை அட்டை சொன்னது

கூர்மையை அளக்க ஓர் அட்டை உண்டு. அதில் விசிறிபோலக் கோடுகள் நெருங்கிக்கொண்டே போகும். எந்த இடத்தில் கோடுகள் தனித்தனியாகத் தெரியாமல் சாம்பல் நிறமாகக் கலந்துவிடுகின்றனவோ, அதுவே அந்தக் கேமராவின் எல்லை. அந்த அட்டையை வைத்துப் பார்த்தபோது ஆகக் கூர்மையாக நின்றது கேனன். ஆகக் குறைவு பானசோனிக். மற்ற இரண்டும் நடுவில்.

அட்டையை மட்டும் நம்பினால் பானசோனிக் கடையிலேயே தூசி படிந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் குறும்படம் எடுப்பவர்கள் அதைத்தான் தேடிப் போனார்கள். காரணம், அட்டை அசையாது; வாழ்க்கை அசையும்.

எச்.டி.வி. முறையில் 1080 படம் விநாடிக்கு 2 கோடியே 50 லட்சம் பிட் அளவுக்குள் அடக்கப்பட்டது. பழைய மினி டிவி படத்துக்கும் அதே அளவுதான்! புள்ளிகள் பெருகின, பாத்திரம் பெருகவில்லை. மலேசியா, சிங்கப்பூர் போல 50 ஹெர்ட்ஸ் முறை நாடுகளில் 12 சட்டங்களை ஒரு குழுவாக எடுத்து, ஒன்றை மட்டும் முழுதாகப் பதிந்து, மற்றவற்றில் மாற்றத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். மணமக்கள் அமைதியாக அமர்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. அட்சதை பறந்து, ஃபிளாஷ் மின்னும்போது எல்லாப் புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. அப்போதுதான் படம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைகிறது. கேசட் நாடாவில் ஒரு தூசு படிந்தாலும் அரை விநாடிப் படம் போய்விடலாம்.

பானசோனிக் ஒவ்வொரு சட்டத்தையும் தனித்தனியாக, விநாடிக்கு 10 கோடி பிட் வரை பதிந்தது. அசைவில் அது உடையவில்லை, நிறமும் கூடுதலாக நின்றது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. 8 ஜிகாபைட் கார்டு ஒன்றில் முழுத் தரத்தில் சுமார் 8 நிமிடமே பிடிக்கும். இரண்டு கார்டு போட்டாலும் கால் மணி நேரம்தான். உதவியாளர் ஒருவர் மடிக்கணினியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எச்.டி.வி. கேசட்டோ ஒரு மணி நேரம் ஓடும்.

மண்டபத்து வெளிச்சம்

ஒரே அளவுச் சில்லில் புள்ளிகள் அதிகமானால் ஒவ்வொரு புள்ளியும் சிறுத்துப்போகும். அது வாங்கும் ஒளியும் குறையும். வெளிச்சம் போதாத மண்டபத்தில் மின்பெருக்கத்தைக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது போலாகும். ஆரம்பத்தில் வந்த சில ஜேவிசி கேமராக்களில், இருட்டில் படத்தின் இடது பாதியும் வலது பாதியும் நிறம் வேறுபட்டு, நடுவில் கோடு விழுந்ததும் உண்டு. பகல் வெளிச்சத்தில் எடுத்த சோதனையில் இது தெரிந்திருக்காது.

பொய்யான கூர்மையும் ஒன்று இருக்கிறது. கேமராவே விளிம்புகளில் வெள்ளைக் கோடு இழுத்துப் படத்தைக் கூர்மையாகக் காட்டும். கடையிலுள்ள சின்னத் திரையில் அது அழகு. வீட்டுப் பெரிய திரையில் மாப்பிள்ளையின் தலைமுடியைச் சுற்றி ஒளிவட்டம்! இரண்டு கேமராக்களை ஒப்பிடும்போது அந்த அமைப்பை இரண்டிலும் ஆகக் குறைவாக வைத்துப் பார்ப்பதே நியாயம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

இதற்கு விலையுயர்ந்த அட்டை தேவையில்லை. ஒரு நாளிதழ்ப் பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் சரிகைக் கரை போட்ட பட்டுச் சேலையைத் தொங்கவிடுங்கள். முன்னால் ஒருவரை நிறுத்திக் கையை வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். கேமராக்களை முக்காலியில் ஒரே இடத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். சின்னச் சில்லுள்ள கேமராவில் லென்ஸ் திறப்பை எஃப் 8, எஃப் 11 என்று மூடினால் படம் தானாகவே மென்மையாகிவிடும். எஃப் 4 அளவில் வையுங்கள். பிறகு பாதி விளக்கை அணைத்து மறுபடியும் எடுங்கள். பார்ப்பது பெரிய தொலைக்காட்சியில் இருக்கட்டும்.

காலம் மாறியும் இந்தப் பாடம் மாறவில்லை. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 சுமார் 2 கோடியே 10 லட்சம் புள்ளிகள் கொண்டது. ஆனால் வீடியோ எடுக்கும்போது வரிகளை இடையிடையே விட்டுவிட்டுப் படித்ததால், சேலைச் சரிகையிலும் ஓட்டுக் கூரையிலும் வண்ண அலைகள் ஓடின. இன்று கைப்பேசியே 4கே எடுக்கிறது. ஒரு சட்டத்தில் 82 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். லென்ஸோ கடுகளவு, விளிம்புகளைத் தீட்டும் வேலையோ மலையளவு.

ஆகவே கேமரா வாங்குபவர் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், தாம் எடுக்கப்போகும் காட்சியில் அதைச் சோதிக்கட்டும். வீடியோக்காரரை அமர்த்தும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அவர் காட்டும் பாட்டுப் போட்ட அழகான முன்னோட்டத்தைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முன்பு எடுத்த ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் காட்சியை, வெட்டாமல் ஒட்டாமல், வீட்டுத் தொலைக்காட்சியில் போடச் சொல்லுங்கள். பறக்கும் அட்சதை மணி மணியாகத் தெரிந்தால், தாராளமாகத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.