கிடாவின் வேட்கையும் விந்தும்: கருத்தரங்கத் தலைமை உரை



செம்மறிப் பொலிகிடா வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கொம்பு, நெஞ்சு, எடை. பிறகு விதைப்பையைத் தடவிப் பார்ப்பார். இவை எல்லாம் தேவைதான். ஆனால் கிடா பெட்டையை நாடுமா, அதன் விந்து சினை பிடிக்க வைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இவற்றில் விடை இல்லை. ஒன்றில் தேறிய கிடா மற்றதிலும் தேறும் என்ற உறுதியும் கிடையாது. இக்கருத்தரங்கு பேச வேண்டிய செய்தி இதுவே.

பருவத்துக்கு வந்த பெட்டையைக் கண்ட கிடா அதன் பின்புறத்தை முகரும், சிறுநீரை மோந்து மேலுதட்டைச் சுழித்துத் தலையை உயர்த்தும், முன்னங்காலால் தட்டும், பக்கவாட்டில் உரசும். பிறகு ஏறி, ஒரே உந்தலில் விந்தைச் செலுத்திவிடும். எல்லாக் கிடாவும் இப்படி நடப்பதில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டுபாய்ஸ் ஆராய்ச்சி நிலையக் கிடாக்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், சுமார் 8 விழுக்காடு கிடாக்கள் பெட்டைகளை விட்டுக் கிடாக்களையே நாடின. எதையும் நாடாதவையும் இருந்தன. உடற்பரிசோதனை இதைக் காட்டாது. பெட்டையோடு விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விந்து சேகரிப்பும் இந்த வேட்கையை நம்பியதே. சோவியத் அறிஞர் மிலவானவ் 1930-களில் நடைமுறைக்கு ஏற்ற செயற்கைப் பிறப்புறுப்பை வடிவமைத்தார். அதன் உட்புறம் 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். கட்டி நிறுத்திய பெட்டைமீது கிடா ஏறும் கணத்தில் அதன் குறியைப் பக்கவாட்டில் இந்தச் செயற்கை உறுப்புக்குள் திருப்பி விந்தைப் பிடிப்பார்கள். அளவு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர்தான். அதற்குள் பல நூறு கோடி விந்தணுக்கள் இருக்கும். பழகாத கிடாவுக்கு மின்தூண்டல் உண்டு. ஆனால் அது கிடாவை வதைக்கும். விந்தும் நீர்த்தே வரும்.

வெயில் இன்னொரு சோதனை. விதைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆவதால், இன்றைய வெப்பத்தின் பாதிப்பு விந்தில் பல வாரம் நீடிக்கும். கிடாவோ வழக்கம்போல ஏறிக்கொண்டிருக்கும்!

நல்ல விந்து கிடைத்துவிட்டால் அது கிடாவின் ஆயுளையும் தாண்டும். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் சலமன் முன்னோடியாகச் செய்த உறைவிந்துப் பணியின் ஒரு பகுதியாக, 1968-இல் நான்கு கிடாக்களின் விந்து திரவ நைட்ரஜனில் சேமிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதைச் செலுத்திய 56 மெரினோ பெட்டைகளில் 34 சினையானதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது.

ஆகவே இங்கு கட்டுரை படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நுண்ணோக்கி காட்டும் எண்ணிக்கையை மட்டும் தராமல், அந்தக் கிடா பெட்டையிடம் எப்படி நடந்துகொண்டது என்பதையும் சேர்த்துத் தாருங்கள். ஆடு வளர்ப்போரும் கிடா வாங்கும்போது இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கருத்தரங்கு இனிதே தொடங்குகிறது.