தூரக் கணக்கில் வீடு இல்லையா?

(மதுரை தெருமுனைக் கூட்டத்தில் நமது கட்சி சார்பில் ஆற்றிய உரையிலிருந்து)



மதுக்கடைக்கு 2003ஆம் வருஷத்து விதி ஒண்ணு இருக்கு. மாநகராட்சி, நகராட்சின்னா கோயில், பள்ளிக்கூடத்துல இருந்து 50 மீட்டர். மத்த ஊர்ல 100 மீட்டர். அதுக்குள்ள கடை வைக்கக்கூடாது. வணிகப் பகுதின்னு குறிச்சுட்டா அந்தத் தூரமும் கிடையாது. சரி, நம்ம வீட்டுக்கு எத்தனை மீட்டர்? அந்தக் கணக்குல வீடே இல்லங்க!

நெடுஞ்சாலையில இருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. 2017 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல 3,000 கடைக்கு மேல மூடுனாங்க. அதுக்குப் பதிலா எங்க திறக்கப் பார்த்தாங்க? ஊருக்குள்ள, தெருவுக்குள்ள! திருப்பூர் பக்கம் சாமளாபுரத்துல அதை எதிர்த்து மறியல் பண்ண பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்துல அறைஞ்சாரே, நாடே பார்த்துச்சே, மறக்க முடியுமா?

இப்ப வேற பேருல வருது. மனமகிழ் மன்றமாம்! எஃப்.எல்.2 உரிமம், உறுப்பினருக்கு மட்டும்தான் மது கொடுக்கணும். வாசல்ல யாராச்சும் உறுப்பினர் அட்டை கேட்டுப் பார்த்திருக்கீங்களா?

குடிக்கிறவரை நாங்க ஏசல. அவரும் நம்ம வீட்டு ஆளுதான். டியூஷன் முடிஞ்சு வர்ற புள்ள எதுக்குத் தெருவைச் சுத்தி வரணும்? அம்புட்டுதான் கேக்குறோம். விதியில குடியிருப்பையும் சேருங்க, மன்றத்துக்கும் அதே தூரத்தை வைங்க.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. தெருவுக்கு ஒரு மனு பத்தாது, வீட்டுக்கு ஒண்ணு எழுதுங்க. ரசீது வாங்காம மட்டும் திரும்பிராதீங்க.